தவளைக்கு எத்தனை வேளை

தவளை இட்லியைத் தொடவில்லை.

ராமாமிர்தம் அதைச் சின்னச் சின்னதாகப் பிட்டுப் போட்டுப் பார்த்தார். சாம்பாரில் நனைத்த துண்டு ஒரு பக்கம், நனைக்காத துண்டு ஒரு பக்கம் என்று வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றும் பார்த்தார். பிளாஸ்டிக் டப்பாவின் மூலையில் அது தொண்டையை மட்டும் அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"சட்னி வெச்சிப் பாக்கலாமாங்க?" என்றாள் அவர் மனைவி சந்திரலேகா.

அவர் முறைத்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் சட்னியும் வைத்தார்.

கடலூர் சிப்காட்டில் பெயின்டுக்குப் பிசின் காய்ச்சும் கம்பெனியில் ராமாமிர்தம் அட்மின் ஆபீசர். கேன்டீன், கெஸ்ட் ஹவுஸ், வண்டிகள், வாட்ச்மேன்கள் எல்லாம் அவர் பொறுப்பு. பதினெட்டு வருஷமாக ஒரே நாற்காலி. துணை மேலாளர் பதவி மூன்று தடவை அவர் மேஜை வரைக்கும் வந்து, மூன்று தடவையும் அடுத்த மேஜைக்குப் போய்விட்டது.

முந்தின நாள் மத்தியானம், சென்னையிலிருந்து வந்திருந்த வைஸ் பிரசிடென்ட் செந்தமிழ்செல்வன் ஃபேக்டரியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார். வழியனுப்ப நின்றவர்களில் ராமாமிர்தம் நான்காவது ஆள். வி.பி. காதில் போனை வைத்துக்கொண்டே ஜன்னல் வழியாக ஒரு டப்பாவை நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் பாருங்க, ராமாமிர்தம்."

அவ்வளவுதான். கண்ணாடி ஏறியது. டிரைவர் சின்னையன் வண்டியை எடுத்துவிட்டான்.

டப்பாவுக்குள் எலுமிச்சம்பழ அளவில் ஒரு தவளை. மூடியில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தின மாதிரி ஏழு ஓட்டைகள். காற்றுக்கு வழி செய்து கொண்டுவந்திருக்கிறார் என்றால் ஆசையாக வளர்ப்பதாகத்தான் இருக்க வேண்டும் என்று ராமாமிர்தம் முடிவு செய்தார். பெரிய மனிதர்கள் மீன் வளர்க்கிறார்கள், ஆமை வளர்க்கிறார்கள். இவர் தவளை வளர்க்கிறார். ஆனால் அவரை உலுக்கியது தவளை இல்லை. வி.பி.க்குத் தன் பெயர் தெரிந்திருக்கிறது. நான்கு பேர் நிற்கும்போது தன் கையில்தான் கொடுத்திருக்கிறார்.

என்ன போடணும், எவ்வளவு போடணும் என்று ஒரு போன் அடித்துக் கேட்டுவிடலாமே என்று சந்திரலேகா சொன்னாள்.

"பெரிய எடத்துல அப்டியெல்லாம் கேக்கக் கூடாது. இதுகூடத் தெரியலியான்னு நெனப்பாரு. அப்புறம் ஆயுசுக்கும் அட்மின் ஆபீசர்தான்."

ஆகவே, யாருடைய தவளை என்று சொல்லாமல், அவர் வி.பி.யைத் தவிர எல்லாரையும் கேட்டார். கடைசியில் இன்டர்நெட்டைக் கேட்டார். குட்டித் தவளைக்குத் தினம் ஒரு வேளை போதும், வளர்ந்த தவளைக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று வேளை போதும், போடுகிற இரை அதன் இரண்டு கண்களுக்கு நடுவிலுள்ள அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது, உயிரோடு அசைய வேண்டும் என்று தெரிந்தது. ராமாமிர்தம் ஸ்கேலை எடுத்துத் தவளையின் முகத்தருகே கொண்டுபோனார். மூன்றாவது முயற்சியில் எட்டு மில்லிமீட்டர் என்று கிடைத்தது.

இது குட்டியா, வளர்ந்ததா என்பதுதான் தெரியவில்லை.

"எதுவா இருந்தா என்னாங்க? பெரிய மனுசன் வூட்டுத் தவள. வாரத்துக்கு ரெண்டு வேளதான் போட்டாங்கன்னு நாளைக்கு அவுங்க காதுக்குப் போனா நல்லாவா இருக்கும்?" என்றாள் சந்திரலேகா.

அதில் நியாயம் இருந்தது. வீட்டில் இருப்பவர்களுக்கு என்னவோ அதுவே தவளைக்கும் என்று காலை, மதியம், மாலை மூன்று வேளையாக முடிவானது.

மறுநாள் விடியற்காலை தேவனாம்பட்டினம் போய், கழிமுகத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் கெஞ்சி ஒரு கொட்டாங்கச்சி நிறைய மண்புழு வாங்கிவந்தார். முதல் புழு நெளிந்தது. தவளை நாக்கை நீட்டியது தெரியவில்லை. புழு காணாமல் போனதுதான் தெரிந்தது. ராமாமிர்தத்துக்குத் தன் வயிறே நிறைந்த மாதிரி இருந்தது. இன்னொன்று போட்டார். அதுவும் போனது. எட்டு மில்லிமீட்டரை அன்றைக்கே மறந்துவிட்டார்.

தினமும் புழுவா என்று சந்திரலேகாவுக்கு மனசு கேட்கவில்லை. புதுச்சேரியில் ஒரு கடையிலிருந்து நூறு சுவர்க்கோழிப் பூச்சிகளைப் பெட்டியில் வரவழைத்தார்கள். பெட்டியைத் திறந்தபோது நாற்பது பூச்சிகள் சோபாவுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் குடியேறின. அன்றிலிருந்து கத்தல் தாங்காமல் டிவியை முழுச் சத்தத்தில் வைக்க, மாடி வீட்டுக்காரர் இறங்கிவந்து விசாரிக்க, "சும்மா இருங்க, ஆபீஸ் விஷயம்" என்று அவரைத் திருப்பி அனுப்பினார் ராமாமிர்தம்.

எட்டாம் நாள் தவளை சாத்துக்குடி அளவுக்கு வந்திருந்தது. குதிப்பதை நிறுத்திவிட்டது. தொட்டால் ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

பயந்துபோய் அதைக் கம்பெனி லேபுக்குத் தூக்கிப்போனார். அங்கே வேலை பார்க்கும் சுவேதா, பிசின் சாம்பிளை ஓரமாக வைத்துவிட்டுத் தவளையை நிறுத்தாள். நூற்றுப் பன்னிரண்டு கிராம்.

"வந்தப்ப எவ்ளோ இருந்துச்சு சார்?"

ராமாமிர்தம் அதை நிறுத்துப் பார்த்திருக்கவில்லை. வி.பி.க்கு ஞாபகம் இருக்குமோ என்ற புதுக் கவலை அந்த நிமிஷத்தில் பிறந்தது.

லேபுக்குப் போனதால் விஷயம் வெளியே வந்துவிட்டது. வி.பி.யின் தவளை அட்மினிடம் இருக்கிறது என்ற செய்தி ஃபேக்டரி மேனேஜர் அன்பரசுவின் காதுக்குப் போனபோது, அவர் அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை. வழியனுப்பும்போது முதல் ஆளாக நின்றவர் அவர். மறுநாள் காலையில் ராமாமிர்தத்தைக் கூப்பிட்டார்.

"வி.பி. சாரோட தவளைய சோபாவுக்குப் பக்கத்துல வெச்சி வளக்கறீங்களாம். நாளைக்கு ஏதாவது ஆனா ஃபேக்டரிக்குத்தான கெட்ட பேரு?"

தவளை ரிசப்ஷனுக்கு மாற்றப்பட்டது. கண்ணாடித் தொட்டி, கூழாங்கல், ஒரு குட்டி மின்விசிறி. அன்பரசுவின் தலைமையில் ஐந்து பேர் கொண்ட உணவுக் குழு அமைந்தது. முதல் கூட்டத்தில் தினம் ஒரு வேளை என்று புரொடக்ஷனும், இரண்டு வேளை என்று எச்.ஆரும் ஒன்றரை மணி நேரம் வாதாடி, ஷிஃப்டுக்கு ஒரு வேளை என்று சமாதானம் ஆனார்கள். ஃபேக்டரியில் மூன்று ஷிஃப்ட். ஒவ்வொரு ஷிஃப்ட் சூப்பர்வைசரும் முந்தின ஷிஃப்ட்காரனை நம்பாமல் அவன் பங்கையும் சேர்த்துப் போட்டார். அன்பரசு காலையில் வந்ததும் தன் கையால் ஒன்று போட்டார். இவர்களுக்கிடையில் தவளை தன்னை மறந்துவிடக் கூடாதே என்று ராமாமிர்தமும் யாரும் பார்க்காதபோது இரண்டு போட்டார். சந்திரலேகா டிபன் கேரியரின் அடி அடுக்கில் பூச்சி கொடுத்தனுப்பினாள். ஒரு நாள் கேன்டீனில் மேல் அடுக்கு என்று நினைத்து அவர் அதைத் திறந்துவிட, எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் தயிர்சாதத்தில் எல்லாம் பூச்சிகள் துள்ளின.

அந்த வாரம்தான் பேக்கிங் செக்ஷனில் பதினோரு பேர் வயிற்றுப்போக்கு என்று லீவு போட்டிருந்தார்கள். யூனியன்காரர்கள் மனுவோடு வந்தார்கள். வி.பி. அடுத்த தடவை வந்து போகட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ராமாமிர்தம் அதை வாங்கி டிராயரில் போட்டார். அவர் புழுவுக்குப் போக வேண்டியிருந்தது.

பதினைந்தாம் நாள் தவளை வாயைத் திறக்கவில்லை. புழு அதன் முதுகில் ஏறி இறங்கியது. அது கவனிக்கவில்லை.

சிதம்பரம் கீழ வீதியில் ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர் ராஜாமணி இருக்கிறார் என்று சுவேதா சொன்னாள். கம்பெனி காரில் கிளம்பினார்கள். தவளையோடு ஒருத்தர் போனால் போதும். ஆனால் ராமாமிர்தத்தைத் தனியே அனுப்ப அன்பரசுவுக்கு மனமில்லை. அன்பரசுவிடம் தனியே கொடுக்க ராமாமிர்தத்துக்கு மனமில்லை. பின் சீட்டில் இருவரும் ஆளுக்கு ஒரு ஓரம் உட்கார, நடுவில் ஈரத்துண்டு போர்த்திய தொட்டி இருந்தது. தவளைக்கு ஆகாது என்று ஏசி போடவில்லை. சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது மூன்று பேரில் தவளை ஒன்றுதான் வேர்க்காமல் இருந்தது.

பேராசிரியர் தவளையைத் திருப்பிப் பார்த்தார். வயிற்றை ஒரு விரலால் அழுத்தினார். பிறகு இவர்களைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தன வேள போடறீங்க?"

இருவரும் மனக்கணக்குப் போட்டார்கள். ஏழு என்றார் அன்பரசு. ஒன்பது இருக்கும் என்று மெதுவாகச் சொன்னார் ராமாமிர்தம்.

பத்து நாளைக்கு ஒன்றுமே போடக் கூடாது என்றார் பேராசிரியர். அப்புறமும் வாரத்துக்கு இரண்டு தடவைதான். இல்லாவிட்டால் செத்துப்போகும். இது நம்ம ஊர் வயலில் கிடக்கிற சாதாரணத் தவளை, பேசாமல் வாய்க்காலில் விட்டால் தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கொள்ளும், அதற்குக் கமிட்டி தேவையில்லை என்றும் சொன்னார்.

திரும்பும் வழியில் கார் புதுச்சத்திரம் தாண்டியது.

"பாத்தீங்களா சார், அவர் நெனச்சா வெளிநாட்டுத் தவளையே வாங்கலாம். வயக்காட்டுத் தவளைய வெச்சி வளக்கறாரு. எவ்ளோ எளிமை" என்றார் அன்பரசு.

ராமாமிர்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தொட்டி மேல் 'உணவு கொடுக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டி, பக்கத்தில் ஒரு வாட்ச்மேனை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கேட்டில் ஒரு ஆள் குறைந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து நாளில் தவளை கொஞ்சம் இளைத்தது. ஒரு தடவை குதிக்கவும் குதித்தது. அன்றைக்கு ஃபேக்டரியே சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை வி.பி. வந்தார். ராமாமிர்தம் முழுக்கைச் சட்டையில் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். அன்பரசு அவரைவிட அரை அடி முன்னால் நின்றார்.

வி.பி. நின்றார். தொட்டியைப் பார்த்தார். தவளையும் அவரைப் பார்த்தது.

ராமாமிர்தம் எல்லாவற்றையும் சொன்னார். இட்லியில் ஆரம்பித்து, தேவனாம்பட்டினம் புழு, புதுச்சேரிப் பூச்சி, சிதம்பரம் பேராசிரியர், பத்து நாள் பட்டினி வரைக்கும் ஒன்று விடவில்லை. நடுநடுவே அன்பரசு உணவுக் குழுவின் தீர்மானங்களைச் சேர்த்துக்கொண்டார். வி.பி. முழுக்கக் கேட்டார். முகம் சிவந்தது. கர்சீஃபால் வாயைத் துடைத்துக்கொண்டு மீட்டிங் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நெகிழ்ந்துட்டாரு" என்றார் அன்பரசு.

ராமாமிர்தத்துக்கும் அப்படித்தான் பட்டது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, துணை மேலாளர் அறையில் எந்தப் பக்கமாக மேஜையைப் போடலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றார்.

பத்து நிமிஷம் கழித்து, வி.பி. கூப்பிட்டு உள்ளே போயிருந்த டிரைவர் சின்னையன் மீட்டிங் ரூமிலிருந்து வெளியே வந்தான். தவளையைக் குனிந்து பார்த்தான். பிறகு ராமாமிர்தத்தின் பக்கம் திரும்பினான்.

"சார், அய்யா கேட்டுட்டு வரச் சொன்னாரு: கேன்டீன் குடிதண்ணித் தொட்டியில கெடந்த தவளைய இம்மாம் பெருசா வளத்துட்டீங்க, அந்தத் தொட்டியக் கழுவுனீங்களா?"