ஒற்றன் புதனும் ஒரு ஜாடி கிரேவியும்

தவக்காலம் முழுக்க விஸ்கியைத் தொடுவதில்லை என்று நான் சபதம் போட்டேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. வாயில் பான்கேக் இருந்தது, வயிற்றில் விஸ்கி இருந்தது, எதிரில் ஃபின்டன் இருந்தான். இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு மனிதன் என்ன வேண்டுமானாலும் பேசுவான்.

ஃபின்டன் கில்லூலி எங்கள் பக்கத்து வயல்காரன். மதுவிலக்குச் சங்கத்து ஆள். கோட்டில் திருஇருதய பேட்ஜ் குத்தியிருப்பான். அயர்லாந்தில் எங்கள் ராஸ்காமன் பக்கத்தில் அந்த பேட்ஜைக் குத்திக்கொண்டவன் கண்ணை மூடும்வரை ஒரு சொட்டுத் தொடக்கூடாது. போன கிறிஸ்துமஸுக்கு என் மனைவி அட்ராக்டா கேக் கொடுத்தாள். முகர்ந்து பார்த்தான். "விஸ்கி தெளிச்சிருக்கு, எனக்கு ஆகாது தங்கச்சி" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவன் பத்திரமாக எடுத்து வைத்திருந்தான் என்பது எனக்குத் தெரியாது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள், எங்கள் அடுப்படியில்தான் அது நடந்தது.

"ஈஸ்டர் வரைக்குமா? நீயா? தாங்கமாட்டே மாலக்கி."

"ஒரு சொட்டு என் வாய்க்குள்ள போச்சுன்னா, உன் பேட்ஜை நானும் குத்திக்கறேன்யா. ஆயுசுக்கும்!"

அட்ராக்டா பான்கேக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, குடிச்சாத்தான் கணக்கா, வாய்க்குள்ள போனாலே கணக்கா?"

"போனாலே கணக்கு!"

"கேக்குல கலந்திருந்தா?" இது ஃபின்டன்.

"கேக்குல என்னய்யா, கோவில் தீர்த்தத்துல கலந்திருந்தாலும் கணக்குதான்!"

"சரி, ஜெயிச்சா உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள் அட்ராக்டா.

"ஜெயிச்சா, என் விஸ்கியைப் பத்தி நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஆயுசுக்கும்."

"சரிங்க" என்றாள்.

அவள் இவ்வளவு சீக்கிரமாகச் சரி என்று சொன்னது, எனக்கு ஞாபகம் தெரிந்து, கல்யாணத்தன்று பாதிரியாரிடம் மட்டும்தான். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் இன்னொரு பான்கேக் கேட்டேன். நடுவராக ஃபின்டனை வைத்துக்கொண்டோம்.

மறுநாள் நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்ததும், நான் செய்த முதல் வேலை ஒரு முழு பாட்டில் விஸ்கியை ஒளித்து வைத்தது. குடிக்க அல்ல. சத்தியமாக அல்ல. வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் மனசுக்கு ஒரு தெம்பு. ஈஸ்டர் பூசை முடிந்து வந்ததும் திறக்கலாம் என்று திட்டம். கொல்லையில் அடுப்புக்கான கரிமண் கட்டிகளை அடுக்கி வைக்கும் கொட்டகை இருக்கிறது. அதன் மூலையில் என் அப்பாவின் கிழிந்த ரப்பர் பூட்ஸ். இடது காலுக்குள் பாட்டிலை இறக்கினேன். செத்துப்போன மனிதரின் ஓட்டை பூட்ஸுக்குள் யார் கையை விடுவார்கள்?

தினமும் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். ஆஸ்பத்திரியில் கிடக்கிற சொந்தக்காரரைப் பார்க்கிற மாதிரி. எடுப்பேன், வெளிச்சத்தில் பிடிப்பேன், நலம் விசாரிப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். மூடியைத் திறந்து முகர்ந்ததுகூட இல்லை. எங்கள் நாட்டின் பாதுகாவலரான புனித பாட்ரிக் திருநாள் வந்தது. அன்றைக்கு மட்டும் தவத்துக்கு விலக்கு உண்டு என்று ஊரே குடித்தது. பாதிரியாரே குடித்தார். "அப்படி ஒரு விலக்கு நம்ம பேச்சுல வரலியே" என்றான் ஃபின்டன். நான் கையில் எலுமிச்சை சோடாவோடு தெருவோரம் நின்று ஊர்வலத்தில் டிராக்டர்கள் போவதைப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுகை நின்றதும் கொட்டகைக்குப் போனேன். ஆறுதலுக்காகத்தான். பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கால்வாசி இல்லை. துளித்துளியாகக் குறைந்ததால் தினமும் பார்த்தும் கண்ணில் படவில்லை.

மூடி இறுக்கமாக இருந்தது. பூட்ஸ் ஈரமாக இல்லை. அதாவது ஒழுகவில்லை. அதாவது யாரோ குடிக்கிறார்கள். பென்சிலால் பாட்டில் லேபிளில் ஒரு கோடு போட்டு வைத்தேன். ரெண்டு நாள் கழித்துப் பார்த்தால் விஸ்கி கோட்டுக்குக் கீழே நின்றது. இதில் உள்ள கொடுமையைக் கவனியுங்கள். என் வீட்டில் திருட்டு நடக்கிறது. நான் யாரிடமும் வாயைத் திறக்க முடியாது. "என் விஸ்கியைக் காணோம்" என்று சொன்னால், "உங்க விஸ்கியா? எந்த விஸ்கி?" என்று ஒரு கேள்வி வரும். அதைக் கேட்கப்போகிறவள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

முதல் சந்தேகம் ஃபின்டன் மேல். அவனுக்கு மூக்கு சிவப்பு. பச்சைத் தண்ணீர் குடிக்கிறவனுக்கு ஏன் மூக்கு சிவக்க வேண்டும்? மண்வெட்டி கேட்டு என் கொட்டகைக்கு அடிக்கடி வருவான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி போவான். மண்வெட்டி அவ்வளவு சந்தோஷம் தருகிற பொருளா? ஒரு நாள் வேலியோரம் அவனை மடக்கி, வாயருகே மூக்கைக் கொண்டு போனேன்.

"ஏன்யா மூஞ்சிக்கிட்ட வர்றே?"

"சும்மா. என்னய்யா வாசனை அது?"

"புதினா மிட்டாய். பல் வலி."

"பல் வலிக்கு மிட்டாயா?"

"உனக்கு என்னய்யா வந்துச்சு? விஸ்கி இல்லாம மூளை காய்ஞ்சுபோச்சா?"

குற்றவாளிதான் இப்படிக் கோபப்படுவான் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

ஆனால் அட்ராக்டாவிடமும் ஒரு மாற்றம் தெரிந்தது. எங்கள் வீட்டில் ராச்சாப்பாடு என்றால், கறி மதியத்திலிருந்து வெந்துகொண்டே இருக்கும். அது ஆடா மாடா என்று சொல்லத் தெரியாத நிலைக்கு வந்ததும் இறக்குவாள். தவக்காலம் பிறந்ததும் எல்லாம் தலைகீழ். நான் மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்து கை கழுவுவதற்குள் சாப்பாடு தயார். வாணலியில் பன்றிச் சாப்ஸை ரெண்டு பக்கமும் சிவக்க வறுத்து எடுப்பாள். அதே கொழுப்பில் வெங்காயம், ஒரு கரண்டி கடுகு விழுது, கொஞ்சம் க்ரீம். புஸ்ஸென்று ஒரு சத்தம். ஒரு ஜாடி கிரேவி. மசித்த உருளைக்கிழங்கின் நடுவில் குழி பறித்து அதை ஊற்றினால், அடடா! வெளியே மழை கொட்டும், உள்ளே எனக்குத் தோள்பட்டை வலிகூட மறந்துவிடும். எங்கேயோ நெருங்கிப் பழகிய ருசி. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

"கிரேவியில என்னடி போடறே?"

"வெங்காயம், கடுகு, க்ரீம்."

"அவ்வளவுதானா?"

"வீட்டுல சும்மா கெடக்கற ஏதோ ஒண்ணும் போடறேன். வீணாப் போகக் கூடாதுல்ல."

"தினமும் இதையே செய்யேன்."

"வெள்ளிக்கிழமை கறி ஆகாதுங்க. மத்த நாள்லாம் செய்யறேன்."

மூன்றாவது தடவையாக ஜாடியைக் கவிழ்த்து, ரொட்டியால் துடைத்துத் தின்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்பு என்று நினைத்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொட்டகையிலிருந்து கரிமண் கட்டி எடுத்து வருவது எப்போதும் என் வேலை. "நீங்க தவம் இருக்கறீங்க, பாவம், நான் எடுத்தாரேன்" என்று அவளே கூடையோடு போக ஆரம்பித்தாள். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. பிறகு திடுக்கென்றது. கூடையோடு போகிறாள். பாடிக்கொண்டே வருகிறாள். கன்னம் சிவந்திருக்கிறது. ஐயோ, அட்ராக்டாவா? கோவில் பூசையில் தவிர வேறெங்கும் ஒயினைப் பார்த்திராத என் அட்ராக்டாவா குடிக்கிறாள்?

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரு பக்கம் பேட்ஜ் குத்திய திருடன், இன்னொரு பக்கம் குடிகார மனைவி. நடுவில் ஊரிலேயே ஒழுங்காகத் தவக்காலம் இருந்த ஒரே மனிதன் நான். குடிக்காதவனுக்குத்தான் இத்தனை கஷ்டம்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துப் புதன்கிழமைக்கு எங்கள் ஊரில் ஒற்றன் புதன் என்று பெயர். யூதாஸ் காட்டிக்கொடுக்கத் துணிந்த நாள். துரோகியைப் பிடிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று தோன்றியது. கன்றுக்குட்டிக்கு வயிறு கட்டிக்கொண்டால் கொடுக்க பேதி உப்பு ஒரு டப்பா வைத்திருந்தேன். பாட்டிலின் அடியில் கொஞ்சம் விஸ்கிதான் மிச்சம் இருந்தது. தாராளமாக அள்ளிப் போட்டு, கரையும்வரை குலுக்கி, பூட்ஸுக்குள் வைத்தேன். குடித்தவன் யாராக இருந்தாலும் முகம் காட்டிக்கொடுக்கும். முகம் தப்பினால் வயிறு காட்டிக்கொடுக்கும். ஃபின்டனை ராச்சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். அட்ராக்டா எப்படியும் இருப்பாள். இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து வேடிக்கை பார்ப்பது என்று முடிவு.

சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் கொட்டகைக்கு ஓடினேன். பாட்டில் காலி! மாட்டிக்கொண்டார்கள்! மீசையை நீவிவிட்டுக்கொண்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தேன்.

"வயிறு எப்படி இருக்கு ஃபின்டன்?"

"ஜம்முனு இருக்கு. பசிக்குது."

"உனக்கு அட்ராக்டா? ஏதாவது பொரட்டுதா?"

"எனக்கென்ன கேடு? தட்டை நீட்டுங்க."

சாப்ஸ் வந்தது. உருளைக்கிழங்கு வந்தது. கிரேவி வந்தது. இரண்டு ஜாடி. எப்போதும் ஒன்றுதானே? நீல ஜாடியிலிருந்து ஃபின்டனுக்கு ஊற்றினாள். வெள்ளை ஜாடியை என் தட்டில் அப்படியே கவிழ்த்தாள். தனக்குக் கொஞ்சம் வெண்ணெய் மட்டும் வைத்துக்கொண்டாள். எனக்கு எங்கோ இடித்தது. ஆனால் இரண்டு முகங்களையும் கண்காணிக்கிற மும்முரத்தில், பழக்க தோஷத்தில், ஒரு பெரிய கவளத்தை வாய்க்குள் தள்ளினேன்.

கசப்பு. நாக்கைப் பிடுங்கி எறியலாமா என்கிற கசப்பு. அந்தக் கசப்பை எனக்குத் தெரியும். காலையில் நான் டப்பாவிலிருந்து அள்ளிய கசப்பு. அந்த ஒரு கவளத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எந்தப் பழைய சிநேகிதனின் ருசி அது என்றும் விளங்கிவிட்டது.

"என்னங்க, முகம் ஒரு மாதிரி போகுது? கிரேவி நல்லால்லையா?"

கசக்கிறது என்று சொல்லலாம். ஏன் கசக்கிறது? உப்பு. எந்த உப்பு? எதில் போட்ட உப்பு? ஒவ்வொரு கேள்வியும் என்னை நேராக அந்த இடது பூட்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போயிற்று.

"பிரமாதம்" என்றேன்.

"அப்ப இன்னும் கொஞ்சம் ஊத்தறேன்."

"போதும், போதும்!"

"தினமும் துடைச்சுத் திங்கறவரு, இன்னிக்கு என்ன வெக்கம்?"

தின்றேன். கண்ணில் தண்ணீர் வழிய வழிய, தட்டு பளிச்சென்று ஆகும்வரை தின்றேன். வாயை மூடிக்கொண்டால் ஈஸ்டர் வந்துவிடும், ஜெயித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. அப்போது ஃபின்டன் கேட்டான்:

"ஆமா தங்கச்சி, எனக்கு மட்டும் ஏன் தனி ஜாடி?"

"உங்களுக்குத்தான் விஸ்கி ஆகாதே அண்ணே."

ஃபின்டன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். என் தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கிறிஸ்துமஸ் கேக்கைப் பார்த்த அதே பார்வை.

"இவன் ஜாடியில விஸ்கியா?"

"சாம்பல் புதனுக்கு மறுநாள்லேருந்தே ஊத்தறேன். அவருக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு."

"அநியாயம்!" என்று கத்தினேன். "எனக்குத் தெரியாதே! இது செல்லாது!"

"எதுல கலந்திருந்தாலும் கணக்குன்னு நீதானய்யா சொன்னே" என்றான் நடுவர். "தீர்த்தத்தைக்கூட நீ விட்டு வைக்கலியே."

"செல்லாதுன்னே வச்சுக்கலாம்" என்றாள் அட்ராக்டா, பொறுமையாக. "நான் கடைப்பக்கமே போகலை. அப்ப இந்த விஸ்கி ஏது, எங்கேருந்து எடுத்தே, யார் வச்சதுன்னு நீங்க என்னைக் கேளுங்க. ஃபின்டன் அண்ணே முன்னாடியே பதில் சொல்றேன். கேளுங்க."

நான் கேட்கவில்லை. அட்ராக்டா ஏப்ரன் பையிலிருந்து ஒரு புத்தம்புது பேட்ஜை எடுத்தாள். எப்போதோ வாங்கி வைத்திருக்கிறாள்! ஃபின்டன் எழுந்து நின்று, கிறிஸ்துமஸிலிருந்து சேர்த்து வைத்த சிரிப்பை முகமெல்லாம் பரப்பிக்கொண்டு, அதை என் ஸ்வெட்டரில் குத்தினான். ஆயுசுக்கும். மனசு வெடித்துவிடும்போல் இருந்தது. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் ஒரு பாட்டிலை முடித்த மனிதன் இந்த நாட்டிலேயே நான் ஒருவன்தான். மேல்முறையீடு செய்யலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் வயிறு வேறொரு அவசரச் செய்தி அனுப்பியது.

நாற்காலி கவிழ, பேட்ஜ் மின்ன, கொட்டுகிற மழையில் கொல்லைப்பக்கக் கழிப்பறையை நோக்கி ஓடினேன். பின்னால் அடுப்படிக் கதவு திறந்தது. அட்ராக்டாவின் குரல், நிஜமான அக்கறையோடு, மழையைத் தாண்டி வந்தது:

"ஏங்க, கன்னுக்குட்டிக்குக் கொஞ்சமாவது உப்பு மிச்சம் வச்சீங்களா?"