இருமல் பரீட்சையில் நான் பாஸான கதை

எனக்கு ஃபெயில் ஆகத் தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, அது ஒரு வியாதி. சிம்மக்கல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்தெட்டு வருஷமாகக் கணக்கு டீச்சர். பரீட்சை என்ற வார்த்தையைக் கேட்டாலே முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அந்தப் புத்தி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதைத் தாண்டியதும் எனக்குச் சிறுநீர் அடங்காமல் போனது. தும்மினால் சொட்டும், இருமினால் சொட்டும். சிரித்தாலோ சோபாவே நனைந்துவிடும். வீட்டில் சொன்னேனா? சேச்சே! "ஏங்க, மாடி ஒழுகுது, சோபாவைப் பாருங்க" என்று சொல்லிவைத்தேன். என் கணவர் பிளாஸ்டிக் சாமான் வியாபாரி. பெண்டாட்டி பேச்சைச் சந்தேகப்படாத உத்தமர். கொத்தனாரைக் கூட்டிவந்து மாடி முழுக்கப் பூசினார். சோபா மறுபடி நனைந்தது. மறுபடியும் பூசினார். (அந்தக் கொத்தனார் தன் தொழில் மேலேயே நம்பிக்கை இழந்துவிட்டதாகக் கேள்வி.)

இப்படியே ஓட்டியிருப்பேன். கொட்டாம்பட்டியில் வாழ்க்கைப்பட்ட மகள் உண்டானாள். தீபாவளி, பொங்கல் இரண்டுக்கும் முழங்கால் வலி என்று புளுகிவிட்டு அவள் வீட்டுப் பக்கமே போகாதவள் நான். நாலாம் மாசமே போனில் சொல்லிவிட்டாள்: "ஏழாம் மாசம் வளைகாப்பு. நீ வரலைன்னா ஒத்த வளையல் போட மாட்டேம்மா." வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு போகவேண்டும். என் நாத்தனார் வாயைத் திறந்தால் வேனே குலுங்கும். அவள் பக்கத்தில் சிரிக்காமல் ஒரு மணி நேரமா? போனை வைத்துவிட்டு அழுதேன்.

டாக்டரம்மாவிடம் ரகசியமாகக் காட்டி, இடுப்புத் தசையை இறுக்கும் பயிற்சி, மாத்திரை, காபியைக் குறைப்பது எல்லாம் ஏற்கெனவே ஆறு மாசம் பார்த்தாகிவிட்டது. வியாதி அசையவில்லை. மறுபடி ஓடினேன்.

"இன்னும் வழி இருக்கு டீச்சர். உள்ள ஒரு வளையம் வச்சுத் தாங்கலாம். சின்ன ஆபரேஷன் பண்ணி நாடா வச்சுத் தூக்கி நிறுத்தலாம். இல்ல, மூத்திரப்பையில ஊசி போடலாம். இருமினா போற ரகமா, அவசரம் வந்து ஓடுறதுக்குள்ள போற ரகமான்னு தெரியணும். பத்து நாள் கழிச்சு ஒரு டெஸ்ட் எடுத்துருவோம். மூத்திரப்பையத் தண்ணியால நிரப்பி, இருமச் சொல்வோம்."

டெஸ்ட்! அந்த ஒரு வார்த்தை போதாதா? பத்து நாளும் படித்தேன். தசையை இறுக்கு, இருமு. இறுக்கு, இருமு. அடுப்படியிலும் மொட்டை மாடியிலும் விடாமல் இருமினேன். கணவர் பயந்துபோய்ச் சித்தரத்தைக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்.

பரீட்சை நாள் வந்தது. 'பொம்பளைங்க சமாச்சாரம்' என்று சொல்லி அவரை வெளியே உட்காரவைத்துவிட்டுப் போனேன். மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீரை நிரப்பினார்கள்.

"இருமுங்கம்மா."

இறுக்கினேன், இருமினேன். ஒன்றுமில்லை.

"இன்னும் பலமா."

ஜன்னல் அதிர இருமினேன். ஒரு சொட்டு? ம்ஹூம்! நர்ஸ் கைதட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "நிறைய தண்ணி குடிங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். ஜெயித்த குஷியில் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். "கசிவே தெரியலையே. ஆபரேஷனெல்லாம் வேண்டாம்னுதான் தோணுது."

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. நான் பாஸானால் வைத்தியம் இல்லை. வைத்தியம் இல்லையென்றால் கொட்டாம்பட்டி இல்லை. காப்பியடித்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

"என்ன கசிவு டாக்டரம்மா?" என்றார் கணவர். டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். கணவர் என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"இல்லீங்கம்மா, எங்கயோ தப்பு நடந்துருக்கு. மழையே இல்லாத சித்திரையில எங்க வீட்டு சோபா நனையுது. ரெண்டு தடவை மாடியப் பூசிட்டேன். பாவம், அந்தக் கொத்தனாரு இனிமே கரண்டியவே தொட மாட்டேன்னு அழகர் மேல சத்தியம் பண்ணிட்டாரும்மா!"

குபீரென்று சிரித்துவிட்டேன். சிரிப்புக்கு நான் படிக்கவே இல்லையே! நாற்காலி, தரை, என் மானம் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்தன.

டாக்டரம்மா நிதானமாகப் பேனாவை எடுத்தார். "இப்பத்தான் டீச்சர் சரியான விடை எழுதியிருக்கீங்க. அடுத்த வாரம் திரும்ப வாங்க. இறுக்காம இருமணும்."

ஆட்டோவில் வரும்போது கணவர் என் பக்கம் திரும்பினார். "எங்கிட்டச் சொல்ல என்ன வெட்கம், டீச்சர்?" என்றார். நடுரோட்டில், ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்க்கப் பார்க்க, தேம்பித் தேம்பி அழுதேன். இந்த மனுஷனிடமா இத்தனை நாள் மறைத்தேன்?

இரண்டாவது டெஸ்டில் அமோகமாக ஃபெயில் ஆனேன். இருமினால் போகிற ரகம்தான். நாடா வைத்தார்கள், குணமானது. கொட்டாம்பட்டி போய்ச் சேரும்வரை நாத்தனார் பக்கத்திலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். சீட் காய்ந்தே இருந்தது. மகளுக்கு முதல் வளையலைப் போட்டபோது மட்டும்தான் கண் நனைந்தது.

போன ஐப்பசி அடைமழையில் சோபா மறுபடி நனைந்தது. கணவர் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போன் யாருக்குப் போட? கொத்தனாருக்கா, டாக்டரம்மாவுக்கா?"

"கொத்தனாருக்கு!" என்று கத்தினேன். இந்தத் தடவை நிஜமாகவே மாடிதான்.

போட்டார். கொத்தனார் வரவே மாட்டேன் என்றுவிட்டார். (அவருக்குத் தொழில் மேல் நம்பிக்கை திரும்பட்டும் என்று உண்மையை என் கணவர் எப்போதோ சொல்லியிருக்கிறார்.) "அண்ணே, உங்க வீட்டு மாடி ஒழுகாதுண்ணே. மொதல்ல டீச்சரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

இன்றும் மழை வந்தால் எங்கள் வீட்டு சோபாவின் மேல் ஒரு வாளி உட்கார்ந்திருக்கும்.