ஏரியில் மிதந்த தேங்காய்

எனக்குத் துளியும் கைவராத வேலைகள் பல. அவற்றில் முதலிடம் தேங்காய் உடைப்பதற்கு. (இதை மனைவியிடம் நான் ஒப்புக்கொண்டதேயில்லை. அவளுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.)

சுவிட்சர்லாந்துக்கு வந்து இன்டர்லாக்கன் ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவிச் சலித்திருந்த எனக்கு, ஒரு சின்ன ரயில் கம்பனியில் வேலை கிடைத்தது. மலையிலிருந்து சரளைக்கல்லை ரயிலில் இறக்கி, தங்கள் சரக்குப் படகில் ஏற்றி, ஏரியின் அக்கரைக்கு அனுப்புகிற கம்பனி. நான் இறங்குதுறையில் சுமை ஏற்றுவதைக் கவனிக்க வேண்டும். தகுதிகாண் காலம் முடிகிற வாரத்தில்தான் புதுப் படகு வந்து சேர்ந்தது.

மேலாளர் பேட்டர் நல்ல மனிதர். "உங்கட ஊரில புது வாகனத்துக்கு என்ன செய்வீங்கள்?" என்று கேட்டுத் தொலைத்தார். (அவர் கேட்டது ஜெர்மன் மொழியில். என் நினைவில் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுவார்கள்.) வேலை நிரந்தரமாக வேண்டுமே என்ற ஆசையில், தேங்காயின் மகிமையைக் கோயில் ஐயர் மாதிரி விளக்கினேன்.

"அப்ப படகு விடுற விழாவில நீரே தேங்காயை உடையும்" என்றார்.

வீட்டில் மனைவி எச்சரித்தாள். "இஞ்சருங்கோ, கையில வைச்சுக் கத்தியால தட்டுங்கோ. எறிஞ்சு கிறிஞ்சு போடாதேங்கோ."

"ஓமோம், எனக்குத் தெரியும்."

விழாவன்று வேட்டி கட்டிக்கொண்டு படகில் நின்றேன். கையில் சூரிச் தமிழ்க் கடையில் வாங்கிய, நல்ல குடுமி வைத்த தேங்காய். எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். கத்தியால் தட்டினால் படத்தில் எடுப்பாக இராதே! தலைக்கு மேல் தூக்கி, இரும்புத் தளத்தில் ஓங்கி எறிந்தேன்.

உடையவில்லை. துள்ளி எழுந்து, பேட்டரின் காதோரமாகப் பறந்து, ஏரியில் விழுந்து மிதந்தது.

கரையோர உணவகத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கண்டதெல்லாம் இதுதான்: தண்ணீரில் குடுமியோடு ஒரு தலை முங்கி முங்கி எழும்புகிறது, படகில் ஒருவன் கையை விரித்துக் கத்துகிறான். பொறுப்பான குடிமகன், உடனே போலீசுக்குப் போன் அடித்துவிட்டார்.

மீட்புப் படகு சைரனோடு வந்தது. ஆளை எடுக்கும்வரை எங்கள் படகு அசையக்கூடாது என்று கட்டளை. படகு அசையாததால் துறையில் நின்ற கல் ரயிலும் அசையவில்லை. அது ஒற்றைத் தண்டவாளத்தை மறித்து நின்றதால் பின்னால் வந்த பயணிகள் ரயிலும் நின்றது. இந்த நாட்டில் எதையும் மன்னிப்பார்கள், ரயில் பிந்துவதைத் தவிர. பேட்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் ஹோட்டல் கோப்பைகளை நினைத்துக்கொண்டேன். உண்மையாகவே அழுகை வந்துவிட்டது.

நீரில் குதித்த வீரர், 'ஆளை'க் குடுமியில் பிடித்துத் தூக்கினார்.

"இது ஆற்ற தேங்காய்?" என்றார், சிரிக்காமல்.

"என்ர."

அவருடைய தலைவர் நேரம் பார்த்தார். "கெதியாத்தான் வந்திருக்கிறம். பயிற்சியெண்டால் நல்ல பயிற்சி."

பேட்டர் அந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஓம், ஓம், பயிற்சிதான்! இவர்தான் ஒழுங்குபடுத்தினவர்."

அதே வாரம் என் வேலை நிரந்தரமானது. இப்போது வசந்தம் வந்தால் எங்கள் துறையில் மீட்புப் பயிற்சி நடக்கும். ஏரியில் தேங்காய் எறிவது என் உத்தியோகக் கடமை. "உடைக்கத் தெரியாத மனுசனுக்கு எறியிறதுக்குச் சம்பளம்" என்று மனைவி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள்.

வீட்டுப் பூசையில் நான் தேங்காயைக் கையில் எடுத்தால் போதும், மகள் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து நிற்பாள்.

"நான் ரெடி அப்பா. எறியுங்கோ."