டார்ச் சாருக்கு வைத்த பத்திரிகை

கும்பகோணத்தில் முக்கால்வாசிப் பேருடைய கடைவாயைப் பார்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பல் டாக்டர் இல்லை. லாட்ஜில் எனக்கு அடுத்த அறையில் குடியிருந்த டார்ச் சார். வாய்ப்புற்றுநோய் முற்றுவதற்குள் கண்டுபிடிக்க, ஊர் ஊராகப் போய் வாயைப் பார்ப்பது அவர் உத்தியோகம். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் சின்ன டார்ச் வைத்திருப்பார்.

ஆபீஸ் மாலையில் முடிந்துவிடும். அவர் முடிக்க மாட்டார். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்க வாயைத் திறந்தால், "அப்படியே கொஞ்சம் ஆ காட்டுங்க" என்று டார்ச் அடிப்பார். வரப்பில் அவர் தலை தெரிந்ததும் நடவுப் பெண்கள் புகையிலையை இடுப்பில் செருகிக்கொண்டு வாயை இறுக மூடிக்கொள்வார்கள். பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அவர் பக்கத்து சீட் காலியாகவே வரும்.

எங்கள் பக்கம் தட்டில் வெற்றிலை பாக்கோடுதான் கல்யாணப் பத்திரிகை வைப்பார்கள். சார் பத்திரிகையை எடுத்துக்கொண்டு பாக்கை மட்டும் பொறுக்கித் திருப்பிக் கொடுப்பார். "இது வாய்க்கு ஆகாதுங்க. நீங்க போடுறீங்களா? எங்க, ஆ காட்டுங்க." நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் முகம் சுருங்கிவிடும். நாளடைவில் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் அவர் கதவை மட்டும் தாண்டிப் போனார்கள்.

சொந்தம் என்று அவரைத் தேடி யாரும் வந்து நான் பார்த்ததில்லை. முகூர்த்த நாளில் நாங்கள் கிளம்பும்போது, இஸ்திரி போட்ட ஜரிகை வேட்டியோடு வாசலில் நிற்பார். "போயிட்டு வாங்க. சாப்பாடு எப்படின்னு வந்து சொல்லுங்க."

"அந்தப் பாக்கை வாங்கித்தான் வச்சுக்கங்களேன் சார்," என்றேன் ஒருநாள்.

"நானே வாங்கிட்டா அப்புறம் யாரு வேணாம்னு சொல்லுவாங்க?" என்றார்.

லாட்ஜுக்குக் கீழே மெஸ் நடத்தியவர் வாயில் எந்நேரமும் பாக்குச் சீவல். சார் எப்படியோ டார்ச் அடித்து, கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டைப் பார்த்துவிட்டார்.

"தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாங்க."

"சூடு பட்டிருக்கும் சார். சாம்பார் இறக்கணும், விடுங்க."

சார் இலையைப் போட்டுக்கொண்டு, சோறு வேண்டாம் என்று சும்மா உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் அப்படியே. சாப்பாட்டில் என்னவோ கோளாறு என்று நினைத்து, வந்தவர்கள் திரும்பிப் போக, மெஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறினார். புற்றுநோய்தான்; ஆரம்பத்திலேயே பார்த்ததால் சின்ன ஆபரேஷனோடு பிழைத்தார்.

தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். தட்டோடு வந்து சார் கதவைத் தட்டினார். சார் வழக்கம்போல் பாக்கைப் பொறுக்க விரலை நீட்டி, அப்படியே நின்றுவிட்டார். பாக்கு இருக்க வேண்டிய இடத்தில் கற்கண்டு இருந்தது.

"நீங்க இல்லாம பொண்ணு கல்யாணம் நடக்காது சார்," என்றார் மெஸ்காரர்.

சார் ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். டார்ச்சை எடுத்து, "ஆ காட்டுங்க," என்றார். பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே அடித்ததில் வெளிச்சம் மெஸ்காரரின் மூக்கில் விழுந்தது.

கல்யாணப் பந்தியில் அவருக்கு இரண்டு பக்கமும் இலை காலி. நான் போய் ஒரு பக்கம் உட்கார்ந்து, அவர் கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்தேன்.

"இன்னைக்கு வேணாம். சாப்பிடுங்க," என்றார்.

அடுத்த மாதமே அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். இப்போதும் பந்தியில் உட்கார்ந்தால், சாருக்காகப் பக்கத்து இலையில் யாரும் உட்காராதபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்கிறேன்.