உலகம் முடிய நான் கொடுத்த தேதி

உலகம் முடியும் நாளுக்கு ஒரு தடவை நான் தேதி கொடுத்திருக்கிறேன். வேண்டுமென்று செய்ததல்ல. பெண் கேட்ட இடத்தில் வாய் முந்திக்கொண்டது.

அப்போது முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். (ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் "சரக்கு எப்போது வரும்?" என்று கேட்கக் கேட்கப் பதில் சொல்வதுதான் உத்தியோகம்.) எஸ்தரை எனக்குப் பிடித்திருந்தது, எஸ்தருக்கும் மறுப்பில்லை. அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வேலம்பாளையத்தில் குடியேறிய கட்டிங் மாஸ்டர். துணியிலும் வேதத்திலும் அரை அங்குலம் பிசகக் கூடாது அவருக்கு. ஞாயிறு மதியம் தன் வீட்டு ஜெபக்கூட்டத்தில் நான் வேதத்திலிருந்து ஒரு செய்தி கொடுக்க வேண்டும், அதைக் கேட்ட பிறகுதான் பெண்ணைப் பற்றிப் பேச்சு என்று சொல்லி அனுப்பினார்.

அன்பு, மன்னிப்பு என்று எளிதாக எதையாவது பேசியிருக்கலாம். நான் உலகத்தின் கடைசிக் காலத்தைக் கையில் எடுத்தேன். (கொழுப்புதான்.) ஒலிவமலையில் இயேசு சீடர்களுக்குச் சொன்னவற்றில் ஒரு பகுதி, ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தபோதே நிறைவேறிவிட்டது, மீதி இனிமேல்தான் என்று எங்கள் போதகர் விளக்கியிருந்தார். பாதி சரக்கு போய்விட்டது, பாதி பேக்கிங்கில் இருக்கிறது என்று நானும் புரிந்துகொண்டேன். ஆலயம் இடிவது, முடிந்தது. மக்கள் மலைகளுக்கு ஓடுவது, முடிந்தது. சூரியன் இருண்டு நட்சத்திரங்கள் விழுவது? போதகர் சொன்னபோது தலையாட்டியது நினைவிருந்தது. என்ன சொன்னார் என்பது இல்லை.

சரியாக அங்கேயே கை வைத்தார் எஸ்தரின் அப்பா.

"நட்சத்திரம் விழுந்தாச்சா தம்பி, இனிமத்தானா?"

"அதுங்க... பாதிங்க."

"பாதி நட்சத்திரமா?"

அது ஒரு ராஜ்யம் விழுவதைச் சொல்லும் அடையாளப் பேச்சு என்றேன். இல்லை, நிஜ நட்சத்திரமே விழும் என்றேன். எல்லாம் அந்தத் தலைமுறையிலேயே நடந்துவிட்டது என்றும், இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் நான் அடுத்தடுத்துச் சொன்னதாக, கூட்டத்துக்கு வந்திருந்த போதகர் பிற்பாடு தெரிவித்தார்.

"சரி, மிச்சம் எப்பம் முடியும்?"

"பதினஞ்சாந்தேதிக்குள்ள கண்டிப்பா முடிஞ்சிருங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அந்த நாள் பிதாவைத் தவிர யாருக்கும் தெரியாது என்று பத்து நிமிடம் முன்பு படித்துக் காட்டியவனும் நான்தான். போதகர் கண்ணை மூடிக்கொண்டார். மரியாதைக்காக வந்து உட்கார்ந்திருந்த, அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்த அம்மா மட்டும் (அவர் கும்பிடுவது மாரியம்மனை) நிஜமாகவே கவலைப்பட்டார்.

"ஏனுங்க, இந்தப் பதினஞ்சாங்களா? எங்கூட்டுல பதினெட்டாந்தேதி காதுகுத்துங்க."

எஸ்தர் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். கல்யாணம் கைநழுவிப் போய்விட்டது என்று தோன்றியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்து உண்மையைச் சொன்னேன்.

"தெரியாதுங்க. எப்பன்னு யாராச்சும் கேட்டா வாய் தானா ஒரு தேதி சொல்லிருதுங்க."

கட்டிங் மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருவது வருசமா மெர்ச்சண்டைசர்மாரு சொன்ன தேதிய நம்பித்தான் துணி வெட்டுதேன். தெரியாதுன்னு ஒருத்தன் சொல்லி இன்னைக்குத்தான் கேக்கேன்" என்றவர், தம்பிக்கு டீ கொண்டுவரும்படி உள்ளே குரல் கொடுத்தார்.

கல்யாணம் நடந்தது. நட்சத்திர விஷயம் இன்றுவரை தெளியவில்லை. ஷிப்மெண்ட் நாட்களில் ஏழு மணிக்கு வந்துவிடுவேன் என்று நான் போன் செய்தால், எனக்கும் கேட்கட்டும் என்றே எஸ்தர் பிள்ளைகளிடம் சத்தமாகச் சொல்வாள்: "அப்பா வர்றது நிச்சயம். எப்பன்னு மட்டும் கேக்காதீங்க. சாப்பிடுங்க."