இருட்டு சாரும் காணாமல் போன பதினோரு பேரும்

தாம்பரத்தில் ஆரம்பித்துச் செங்கல்பட்டு வரை சல்லடை போட்டுத் தேடினாலும், தன்னை ஒருவரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக இருட்டு சார் அளவுக்குப் பாடுபட்ட மனிதர் கிடைக்க மாட்டார். மாமனாருக்குப் பயந்து ஒளிகிற மாப்பிள்ளைகள் உண்டு. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டைக் கண்டதும் சந்துக்குள் நுழைகிறவர்கள் உண்டு. இருட்டு சார் ஒளிந்தது சுத்தமான தொழில் பக்தியால்.

எண்பதுகளின் கடைசியில், கிழக்குத் தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் இங்கிலீஷ் டீச்சராகச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் ப்ளஸ் டூவில் தொழிற்பிரிவு என்று ஒன்று இருந்தது. மற்ற பள்ளிகளில் டைப்ரைட்டிங், தையல், மோட்டாருக்குக் காயில் கட்டுவது என்று நாலு பேருக்குப் புரிகிற மாதிரி ஏதாவது சொல்லிக்கொடுப்பார்கள். எங்கள் பள்ளியில் எந்தப் புண்ணியவான் யோசித்தானோ, மேடைக்கலை வைத்திருந்தார்கள். மேடைக்கு லைட் போடுவது, சத்தம் கொடுப்பது, திரை இழுப்பது, சாமான் மாற்றுவது, இவ்வளவுதான் பாடம். நடிப்பு கிடையாது. ஆனாலும் ஊர் அதற்கு டிராமா குரூப் என்று பெயர் வைத்துவிட்டது.

அந்த குரூப்புக்கு வாத்தியார்தான் இருட்டு சார். பட்டணத்து நாடகக் கம்பெனிகளில் வருஷக்கணக்காக லைட் போட்டவர். ஒட்டடைக் குச்சிக்குக் கறுப்புச் சட்டை மாட்டின உருவம். ஜன்னல்களை எல்லாம் கறுப்புத் துணியால் மூடிவிட்டுத்தான் பாடம் எடுப்பார் என்பதால் பிள்ளைகள் அந்தப் பெயரை வைத்தார்கள். அவருக்கு அதில் ஏகப் பெருமை.

அட்மிஷன் நாளில் மாடம்பாக்கத்தில் இருந்து ஓர் அம்மா தன் மகன் ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு வந்தார். சித்தாள் வேலை செய்கிறவர். பையன் வாங்கின மார்க்குக்கு வேறு எந்த குரூப்பிலும் இடம் இல்லை.

“இத படிச்சா எம்புள்ள சினிமால வருவானா சார்?” என்று கேட்டார்.

“வரமாட்டாம்மா. அவன் எங்க கீறான்னே ஒருத்தனுக்கும் தெரியாது. அதான் படிப்பே.”

“அது இப்பவே அப்டித்தான் சார் கீது. ஸ்கூலுக்குன்னு பூடுறான், எங்க கீறான்னே தெரில.”

“அப்ப பாதிப் பாடம் முடிஞ்சிச்சும்மா” என்று சொல்லி இருட்டு சார் பாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அவருடைய சட்டதிட்டங்கள் மிலிட்டரியில்கூட இருக்காது. மேடைக்குப் பின்னால் செருப்பு கூடாது. கொலுசு கூடாது. சட்டைப் பையில் சில்லறை கூடாது. வகுப்புத் தலைவி ஸ்டெல்லாவுக்குத் தும்மல் அதிகம், அவள் மட்டும் எப்போதும் ஈரக் கைக்குட்டையோடு நிற்க வேண்டும். கைதட்டல் கேட்டால் சிரிக்கவே கூடாது. அது நடிகர்களுக்கு வந்த கடிதாசி, பிரித்துப் படிக்கிறது தப்பு என்பார்.

எலெக்ட்ரிக் ட்ரெயின் நேரங்கள் அவருக்கு மனப்பாடம். பள்ளி ஆண்டு விழா நாடகங்களை எழுதி இயக்குகிற திருப்பணியை என் தலையில் கட்டியிருந்தார்கள். நான் எழுதுகிற உருக்கமான வசனங்களை எல்லாம் அவர் இரண்டு ட்ரெயின்களுக்கு நடுவில் பொருத்தி வைப்பார். ட்ரெயின் முன்னே பின்னே வந்து என் கதாநாயகியின் அழுகையை விழுங்கிவிட்டால் அவருக்குத் தாங்காது. அந்த டிரைவருக்கு ரிகர்சல் பத்தவில்லை என்று மனதார வருத்தப்படுவார்.

கொடியேற்றும்போது வருஷா வருஷம் முடிச்சு சிக்கிக்கொண்டு எங்கள் ஹெட்மாஸ்டர் கயிற்றோடு மல்லுக்கட்டுவது வழக்கம். இருட்டு சார் வந்த வருஷம் கயிற்றைத் தொட்டதும் கொடி விரிந்து பூ கொட்டியது. எல்லாம் தன் கைராசி என்று ஹெட்மாஸ்டர் அந்த வருஷம் பூராவும் மார்தட்டிக்கொண்டிருந்தார். வேப்ப மரத்துக்குப் பின்னால் மீன்பிடி நரம்பு ஒன்றைப் பிடித்தபடி ஏழுமலை நின்றது எனக்கும் இருட்டு சாருக்கும் மட்டும்தான் தெரியும்.

பிள்ளைகளுக்கும் கறுப்புச் சட்டைதான் சீருடை. அதனால் வந்த கூத்து கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு கார்த்திகை மாதம் மாடம்பாக்கத்துச் சிவன் கோயில் விழாவுக்கு மேடை போடப் போனார்கள். குரூப்பில் இருந்த பதினோரு பேரும் கறுப்புச் சட்டையில் வரிசையாக வந்ததைப் பார்த்த விழாக் குழுச் செயலாளர், சாமி இல்லை என்று சொல்லி கலாட்டா பண்ண வந்த கூட்டம் என்று வழியை மறித்தார். அதே நேரத்தில் ஓர் அம்மாள் முன்னால் வந்த பையன்களைச் சபரிமலைக்கு மாலை போட்ட சாமிகள் என்று எண்ணி ஏழுமலையின் காலில் விழுந்தார். பயல் கொஞ்சமும் யோசிக்காமல் ஆசீர்வாதம் பண்ணிவிட்டான். அந்த ஆசீர்வாதத்தைப் பார்த்த பிறகுதான் செயலாளர் வழிவிட்டார்.

இப்படி ஒளிந்து ஒளிந்தே இரண்டு வருஷம் ஓடி, ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வு வந்தது. விஷயம் விளையாட்டு இல்லை. செய்முறையில் தேறாவிட்டால் ப்ளஸ் டூவே போச்சு. ஏழுமலைக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள், ப்ளஸ் டூ சர்டிபிகேட்டோடு வா என்று. அவன் வீட்டில் பன்னிரண்டாவது வரை வந்த முதல் ஆள் அவன்.

மேடைக்கலைக்குத் தேர்வாளர் என்று மாவட்டத்தில் வேறு ஆளே இல்லை. மேலிடத்தில் யோசித்து, லைட் என்றால் கரண்ட்தானே என்று, மோட்டார் காயில் கட்டச் சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவரை அனுப்பி வைத்தார்கள். ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நேர்மையான மனிதர் என்பது அவர் சட்டைப் பையில் சொருகியிருந்த நாலு பேனாவிலேயே தெரிந்தது.

நாடகம் என்னுடையது. கோபக்கார அப்பா ஒருவர் மகனைக் கொட்டுகிற மழையில் வீட்டை விட்டுத் துரத்திவிட்டு, விடிந்ததும் தேடிப் போகிற கதை. நடிப்பது மற்ற குரூப் பிள்ளைகள். லைட், சத்தம், திரை எல்லாம் பரீட்சை எழுதுகிற பதினோரு பேர். ஹாலின் ஜன்னல்களை மூடி, பகலை இருட்டாக்கி, ஆரம்பித்தோம்.

அன்றைக்கு அமைந்த மாதிரி அதற்கு முன்னும் அமைந்ததில்லை, பின்னும் அமைந்ததில்லை. வீடு தெருவானது, தெரு மறுபடி வீடானது. எப்படி மாறியது என்று எனக்கே தெரியவில்லை. மழை பிடித்ததும் முன் வரிசையில் என் பக்கத்தில் இருந்த தேர்வாளர் நெளிந்தார். ஸ்கூட்டர் சீட்டை மூடாமல் வந்துவிட்டேனே என்று என் காதில் கிசுகிசுத்தார். கடைசிக் காட்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா வேஷம் கட்டிய பையனுக்கு நூற்றுக்கு நூறு போடலாம் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு மதிப்பெண் பட்டியலைப் பிரித்து, பரீட்சைக்கு வர வேண்டிய பதினோரு பேரையும் கூப்பிடச் சொன்னார். ஹெட்மாஸ்டர் சிரித்துக்கொண்டே, அவர்கள்தான் இவ்வளவு நேரம் பரீட்சை எழுதினார்கள் என்றார்.

“நான் முன் வரிசையில உக்காந்திருந்தேன் சார். ஒருத்தரும் என் கண்ணுல படலையே.”

“சார், அந்த மழை...” என்று நான் ஆரம்பித்தேன்.

“மழைக்கு நான் எப்படி சார் மார்க் போடறது? அது பாட்டுக்குப் பெஞ்சுது.”

அது தகரத் தட்டில் பச்சைப்பயறு என்றும், ஒத்திகை முடிந்ததும் அந்த மழையைப் பிள்ளைகள் சுண்டல் பண்ணித் தின்பார்கள் என்றும் நான் எடுத்துச் சொன்னேன். அவர் நம்பினார். ஆனால் அசையவில்லை. கண்ணெதிரே செய்ததற்கு மட்டும்தான் மதிப்பெண், பார்க்காததைப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட அவரால் முடியாது. பேனாவின் மூடியைக் கழற்றினார். சிவப்புப் பேனா. பதினோரு பேருக்கும் ஆப்சென்ட்தான் போடப் போகிறேன் என்றார்.

நான் இருட்டு சாரைத் தேடி மேடைக்குப் பின்னால் ஓடினேன். வழக்கம்போல ஆளைக் கண்டுபிடிக்கவே பாதி உயிர் போய்விட்டது. விஷயத்தைச் சொன்னேன். மனிதருடைய முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது.

“ஒருத்தரையும் பாக்கலியா? நெஜமாவா டீச்சர்? ஏழுமலையக்கூட பாக்கலியா, அவன் கொஞ்சம் குண்டாச்சே.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “சார், உங்களுக்கு மெடல் குடுக்க வரல. பிள்ளைங்களை ஆப்சென்ட் போடப் போறாங்க. எல்லாரும் ஃபெயில்” என்றேன்.

அந்தச் சந்தோஷம் அவர் முகத்தில் இருந்து இறங்கியதை நான் மறக்கவில்லை. பக்கத்தில் பிள்ளைகள் அவர் சொல்லிக்கொடுத்தபடியே மூச்சுக் காட்டாமல் நின்றிருந்தார்கள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இருட்டு சார் நாற்காலி ஒன்றைத் தூக்கி மேடைக்குப் பின்னால் போட்டு, தலைக்கு மேலே ஒரு குண்டு பல்பை ஏற்றினார். இருபது வருஷத்தில் அவர் நாடகம் நடக்கும்போது பின்னால் வெளிச்சம் போட்டது அன்றுதான்.

“அவர இங்க கூப்டுங்க டீச்சர். மறுபடி மொதல்லேர்ந்து போடுவோம். பாத்துக்கட்டும்.”

தேர்வாளர் தயங்காமல் ஒப்புக்கொண்டு பின்னால் வந்து உட்கார்ந்தார். நாடகம் மறுபடி ஆரம்பித்தது, சகலமும் கோணலாகப் போனது. தங்களை ஒருவர் பார்க்கிறார் என்பதே அந்தப் பிள்ளைகளுக்குப் புதுசு. ஸ்டெல்லா சைகை காட்டும் டார்ச்சைக் காலில் போட்டுக்கொண்டாள். வானம் இருட்டுவதற்கு முன்னாலேயே மழை கொட்டியது. ஏழுமலை கை தவறித் திருகியதில் நட்ட நடு ராத்திரிக் காட்சியில் சூரியன் உதித்துவிட்டது. இந்த இருட்டில் என் பிள்ளை எங்கே போனானோ என்று அப்பா வேஷப் பையன் பளீர் வெயிலில் நின்று அழுதான். தேர்வாளரின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. ஆப்சென்ட்டே தேவலை என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அப்போதுதான் இருட்டு சார் தேர்வாளரின் முன்னால் போய் நின்றார்.

“சார், செருப்ப கழட்டுங்க.”

“என்னது?”

“மழைக்கு ஆள் பத்தல சார். இந்தத் தட்ட புடிங்க. அந்தப் பொண்ணு டார்ச்சு அடிச்சா ஆட்டுங்க, மறுபடி அடிச்சா நிறுத்துங்க. சாவிக்கொத்து இருந்தா குடுத்துடுங்க, சத்தம் போடும்.”

“நான் எக்ஸாமினருங்க.”

“இங்க வந்துட்டா எல்லாரும் ஒண்ணுதான் சார்.”

மாவட்டத்தில் வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். என்ன காரணமோ, அந்த மனிதர் செருப்பைக் கழற்றினார். சாவிக்கொத்தைக் கொடுத்தார். நாலு பேனாவையும்கூட எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத் தட்டைப் பிடித்தார். இருட்டு சார் பல்பை அணைத்தார். நாடகம் மூன்றாம் தடவையாக ஆரம்பித்தது.

பார்ப்பதற்கு ஆள் இல்லை, கூட நிற்க ஓர் ஆள்தான் கூடுதல் என்றானதும் பிள்ளைகளுக்குக் கை திரும்பிவிட்டது. இருட்டு கண்ணுக்குப் பழகியதும் நானும் முதல் தடவையாக அவர்களைப் பார்த்தேன். இரண்டு பையன்கள் ஒரு முழுச் சுவரைத் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி என்னைத் தாண்டிப் போனார்கள். நாலு மின்விசிறி ரெகுலேட்டர்களைச் சேர்த்துக் கட்டியிருந்ததைத் திருகி ஏழுமலை சூரியனை மயிலிறகு தடவுகிற மாதிரி மேலே கொண்டுவந்தான். தேர்வாளர் தட்டை ஆட்ட மறந்து அந்த ரெகுலேட்டர்களையே பார்த்தார். ஸ்டெல்லாவின் டார்ச் அவர் முகத்தில் கோபமாக ஒரு வெட்டு வெட்டியது. அவசரமாக மழையைப் பெய்வித்தார். கடைசியில் நிறுத்தச் சொன்னபோது இன்னும் கொஞ்சம் பெய்யட்டுமா என்று அவளிடம் கெஞ்சினார். அவள் உதட்டில் விரலை வைத்து அடக்கினாள்.

இருட்டு சாருக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஓரமாகக் கையைக் கட்டி நின்றார். பதினோரு பேரின் வேலையையும் அவர் உதடுகள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தன. அந்தத் தடவை நான் என் நாடகத்தைப் பார்க்கவே இல்லை.

திரை விழுந்ததும் தேர்வாளர் செருப்புகூடப் போடாமல் வந்து, என்னிடம் பேனாவை வாங்கி, தன் குறிப்புகள் இருந்த தாளைக் கிழித்து எறிந்துவிட்டு ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் கேட்டு எழுதினார். எல்லாரும் தேறினார்கள். ஏழுமலை திருமுடிவாக்கத்துக்கு வேலைக்குப் போனான். ஸ்டெல்லா வாங்கின மார்க் முதல் குரூப் பிள்ளைகளுக்கே பொறாமையாக இருந்தது.

ஆனால் அந்தப் பட்டியலில் கற்பித்த ஆசிரியர் என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து. இருட்டு சார் பகுதி நேர ஆசிரியர், பகுதி நேரம் கையெழுத்துப் போடக் கூடாது என்று விதி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கானால் பரம திருப்தி. நல்லதாப் போச்சு டீச்சர், நம்ம பேரு எதுக்கு என்றார். இரண்டு வருஷம் கழித்து அந்த குரூப்பை மூடினார்கள். வழியனுப்பு விழா வைப்பார்கள் என்று பயந்தோ என்னவோ, முந்தின நாளே ஆள் கிளம்பிவிட்டார். மேடவாக்கத்தில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், விசாரித்ததில் அது அவர் இல்லை.

ஆகையால் அவருடைய பெயரை இங்கேயும் நான் எழுதவில்லை, அந்த அளவுக்கு மரியாதை தெரியும் எனக்கு. ஆனாலும் இப்படிப் பத்திரிகையில் தன்னைப் போட்டுவிட்டேன் என்று தெரிந்தால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வரட்டும். சண்டை போடுவதற்காகவாவது ஒரு தடவை அந்த மனிதர் என் கண்ணெதிரே வந்து நின்றால் போதும்.