நிச்சயதார்த்தத்தில் என் உள்தொடைத் தசை

மெதூர்,
பொன்னேரி தாலுகா,
ஆவணி வெள்ளி, 1971.

சென்னையில் டாக்டருக்குப் படிக்கும் என் தம்பி மகன் சிரஞ்சீவி துளசிராமனுக்கு, பெரியப்பா செங்கல்வராயன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும் உன் பெரியம்மாவும் மாடு கன்றுகளும் க்ஷேமம். உன் மெஸ் சாப்பாட்டின் க்ஷேமத்துக்கு எழுதவும்.

போன வாரம் வாய்க்காலின் இரு கரையிலும் கால் வைத்து நின்று, மடை திறப்பது எப்படி என்று ஆட்களுக்கு நான் விளக்கும்போது ஒரு கரை மட்டும் சரிந்ததும், லீவில் வந்த நீ புத்தகத்தைப் பிரித்து, இடுப்பெலும்பின் அடியில் புறப்பட்டு, தொடையின் உட்புறமாக நாடா போல் இறங்கி, எளாவூரில் பஸ் ஏறியவன் பொன்னேரியில் இறங்காமல் சோழவரம் போவதுபோல் முழங்காலையும் தாண்டிக் கீழ்க்கால் எலும்பில் ஒட்டிக்கொள்ளும் தசை ஒன்று உண்டு, தொடையை உள்ளே இழுப்பதும் முட்டியை மடக்குவதும் அதன் வேலை, அதுதான் பிசகிவிட்டது என்று படம் காட்டியதும் நினைவிருக்கும். "சம்மணம் போடாதீங்க பெரியப்பா, நிச்சயதார்த்தத்துல நாற்காலில உக்காந்துக்கினா போதும்" என்றாய். படித்த பிள்ளை பேசுகிற பேச்சா? மாப்பிள்ளையின் தகப்பனார் பூவராகவன் பாயில் இருக்க, பெண்ணைப் பெற்றவன் நாற்காலியிலிருந்து தாம்பூலத் தட்டை நீட்டினால் அவர் துண்டை உதறிக்கொண்டு ரயிலேறிவிடுவார். நம் பெண் ரத்னா இதுவரை வாய்விட்டுக் கேட்டது இந்தச் சம்பந்தம் ஒன்றைத்தான். அதை ஒரு நாடாவுக்காக விட்டுவிட முடியுமா?

ஆகவே நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். இன்று காலை ஒரு முட்டியை நான் அமுக்க, மறு முட்டியை உன் பெரியம்மா அமுக்க, சம்மணம் வந்துவிட்டது. "இந்த வீம்பு இன்னாத்துக்கு? அப்புறம் யாரு தூக்கறது?" என்று அவள் கேட்டதை நான் சட்டை செய்யவில்லை. தட்டை மாற்றக் குனிந்தபோது மட்டும் நீ காட்டிய தசை இடுப்பிலிருந்து கீழ்க்கால் வரை ஒரு இடம் விடாமல் தன்னைத் தெரிவித்துக்கொண்டது. என் கண்ணில் நீர் கொட்டிவிட்டது. அதைப் பார்த்துப் பூவராகவனும் கண் கலங்கி, "பொண்ணு மேல இம்மாம் பாசமா" என்றார். கூடமே மூக்கைச் சிந்தியது. தட்டு மாறியது, தையில் கல்யாணம். எனக்கும் பூரண குணம். உன் புத்தகத்தில் தைரியத்துக்குப் படம் போடவில்லை, அவ்வளவுதான்.

நீ பெரிய டாக்டராகி, சந்தேகம் வந்தால் என்னைக் கேட்டு நடந்து, நீடூழி வாழ அம்மன் அருள்வாளாக.

இப்படிக்கு,
செங்கல்வராயன்

பி.கு.: தட்டு மாறியது காலையில். இப்போது விளக்கு வைத்தாயிற்று. நான் இன்னும் பாயில்தான் இருக்கிறேன். முக்கியமான கடிதம் எழுதுவதாகச் சொல்லிச் சமாளிக்கிறேன். சம்பந்தியும் எழுந்திருக்காமல் பக்கத்திலேயே இருந்தார், என் மேல் உள்ள மரியாதை என்று பூரித்திருந்தேன். இப்போதுதான் காதோரம் குனிந்து, "டாக்டருக்கா எழுதறீங்க சம்பந்தி? எனக்கும் அதே எடந்தான். நேத்து வண்டில ஏறச்சொல்லோ புடிச்சிக்கிச்சி. காலைல அழுததும் அதுக்குத்தான்" என்றார். கடிதம் கொண்டுவரும் நம் பண்ணையாள் குப்புராஜுடன் உடனே கிளம்பி வா. புத்தகம் வேண்டாம், தூக்குவதற்குத் தெம்பான சிநேகிதர்களைக் கூட்டி வா. அப்பாவும் மாமனாரும் பிரிய மனமில்லாமல் உட்கார்ந்திருப்பதாக ரத்னா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் மட்டும் மூச்சு விடாதே.